அமுதவள்ளி பேரில் மூன்றாவது நம்பர்

பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது.

விடிந்தால் சேவல் கூவத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் இது குரங்கணிக்கு மேலே, ஜீப்பைத் தவிர வேறெதுவும் ஏறாத மண் ரோடு. அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. கோழி வளர்க்க ஆளும் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காப்பிச்செடி மண்டிய கிடுகிடு சரிவு.

அமுதவள்ளி காதில் வைத்திருந்த செல்போனை எடுத்துப் பார்த்தாள். அழைப்பைத் துண்டித்தாள்.

சேவல் நின்றது!

மறுபடியும் அதே நம்பரை அழுத்தினாள்.

சேவல் கூவியது!

ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் பறிப்பு வேலைக்குப் போகிற சிலமலைப் பெண்கள் அவர்கள். ஜீப்பில் வாய் ஓயாதவர்கள். அவர்களே அடங்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"முத்தண்ணே... ஜீப்ப நிப்பாட்டுங்க."

டிரைவர் முத்துப்பாண்டி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காட்டுச்சேவல் கத்துது தங்கச்சி. இதுக்கெல்லாம் நிப்பாட்டுனா எப்ப எஸ்டேட்டு போயிச் சேர்றது? வெரசா போகணும்."

"காட்டுச்சேவல் நான் போன் போட்டா கத்துமா? கட் பண்ணா வாயை மூடுமா?"

"இந்த வளைவுல ஏது டவரு? பத்து வருசமா வண்டி ஓட்டுறேன். ஒரு தடவைகூட எடுத்ததில்ல."

"உங்க கம்பெனிக்கு எடுக்காதுண்ணே. ஊதாக் கம்பெனிக்கு எடுக்குது. நிப்பாட்டுங்க."

முன் சீட்டில் இருந்த இருளம்மாள் முத்துப்பாண்டியின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அறுபது வயதுக் கை. ஆனால் மூட்டை தூக்கிய கை.

"நிப்பாட்டுடா மாப்ளே. அது சிம் விக்கிற பெத்துராசு போனு, சேவல் ரிங்டோனு. ஊருக்கே தெரியும்."

ஜீப் நின்றது.

அமுதா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினாள். செடியைப் பிடித்துக்கொண்டே... சேவல் கூவிய திசையைப் பார்த்து...

ஐயோ!

காப்பிச்செடிகளுக்கு நடுவே பெத்துராஜ் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. பேன்ட் பையில் இருந்த செல்போனுக்கு மட்டும் உயிர் இருந்தது. அது இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

அமுதாவுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. ஏனென்றால் இவன் இன்றைக்கு உயிரோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தால்தான் அவளுக்கு விடிவு.

*

சிலமலையில் போய் அமுதவள்ளி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'போர்ட் அமுதா' வீடு என்று கேளுங்கள், நாய்கூட வழி காட்டும்.

செல்போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவதற்குப் பேர் போர்ட். மாறி வருகிறவர்களுக்குக் கம்பெனிக்காரன் வெற்றிலை பாக்கு வைக்காத குறைதான். எவர்சில்வர் தூக்குச்சட்டி தருவான். ரீசார்ஜில் பாதியைத் தள்ளுவான். நெட்டை இலவசமாக அள்ளி விடுவான். மாறிய கம்பெனியில் மூன்று மாதம் இருந்தாக வேண்டும் என்பது விதி. அமுதா இருப்பாள். அதற்குமேல் ஒரு பொழுதுகூட இருக்கமாட்டாள்.

தனியாகவும் போகமாட்டாள். வேலை முடிந்து திரும்பும் ஜீப்பை அப்படியே போடி பஸ் ஸ்டாண்டுக்கு விடச் சொல்வாள். அங்கே பச்சைக்குடை, ஆரஞ்சுக்குடை, ஊதாக்குடை என்று கம்பெனிக்கு ஒரு குடை விரித்துப் பையன்கள் சிம் விற்பார்கள். நடுவில் நின்று இடுப்பில் கை வைப்பாள்.

"ஒரு ஜீப்பு லோடு ஆளுக வந்திருக்கோம். எவன் என்ன தர்றீக?"

குடைகளுக்குள் ஏலம் நடக்கும். ஏலக்காய் ஏலம் தோற்றுப்போகும்.

கடைசித் தடவை ஜெயித்தது ஊதாக்குடை பெத்துராஜ்தான்.  வாய் நிறைய அக்கா போடுவான். கட்டைவிரலைக் கைரேகை மெஷினில் வைக்கச் சொல்வான். பிறகு உச்சுக்கொட்டுவான்.

"ஏலக்கா பறிக்கிற கையி பாருங்க. ரேகை தேஞ்சு போயிக் கெடக்கு. விழலக்கா. இன்னொருக்கா வைங்க."

வைப்பார்கள். இன்னொரு தடவை. அதற்கும் மேலே ஒரு தடவை. நகக்கண்ணில் ஏலக்காய்ப் பிசின் ஏறிய கைகள். தேய்ந்திருக்கும் என்று அவர்களும் நம்பினார்கள்.

போன வாரம் அமுதா வீட்டுக்கு ஒரு போலீஸ் நோட்டீஸ் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று போன் பண்ணி யாரோ ஒரு ரிடையர்டு வாத்தியாரின் சேமிப்பைத் துடைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் போன் நம்பர் அமுதவள்ளி பேரில் இருந்தது!

அவள் அந்த நம்பரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

நேற்று சாயங்காலம் ஊதாக்குடைக்கு முன்னால் போய் நின்றாள். நோட்டீஸை நீட்டினாள். பெத்துராஜ் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா... சத்தம் போடாதீக. தப்பு நடந்துபோச்சு. நாளைக்குக் காலையில நானே ஸ்டேசனுக்கு வந்து எல்லாத்தயும் சொல்லிர்றேன்."

"சொல்லல, உன்னய கொன்னே போட்டுருவேன்."

அமுதா குரல் சும்மாவே நாலு தெருவுக்குக் கேட்கும். பஜாரே திரும்பிப் பார்த்தது.

இன்று காலை அதை ஞாபகப்படுத்தத்தான் ஜீப்பிலிருந்து போன் போட்டாள்.

சேவல் கூவிவிட்டது.

*

சப் இன்ஸ்பெக்டர் ஜெயபாக்கியம் சிரிக்கிற ரகம் இல்லை. எதிரே நின்ற அமுதாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து பஜார்ல வெச்சு அவனக் கொன்னுபோட்டுருவேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"பட்டுனு ஒத்துக்கிறே?"

"ஊரே கேட்டுச்சு மேடம். இல்லேன்னா நம்பவா போறீக? எம் மக கார்த்திகாவத் தெனமும் கொன்னுருவேன்னுதான் சொல்றேன். அவ நல்லாத்தான் இருக்கா. தேனியில நர்சிங் படிக்கிறா."

"வாய் ஜாஸ்தி உனக்கு."

"அது ஒண்ணுதான் எனக்கு ஜாஸ்தி."

ஜெயபாக்கியம் மேஜை மேல் இருந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"பெத்துராஜுக்கு நேத்து ராத்திரி கடைசியா ஒரு போன் வந்திருக்கு. அதுக்கப்புறம்தான் அவன் வீட்ட விட்டுக் கெளம்பியிருக்கான். அந்த நம்பர் யார் பேர்ல இருக்கு தெரியுமா?"

"யாரு பேர்ல?"

"உன் பேர்ல."

அமுதா காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"என் நம்பர்ல இருந்து நான் நேத்து அவனக் கூப்பிடவே இல்லயே."

"நீ வெச்சிருக்குற நம்பர் ஒண்ணு. வாத்தியார ஏமாத்துன நம்பர் ரெண்டு, அத ஏற்கெனவே முடக்கியாச்சு. இது மூணாவது. மூணும் உன் ஆதார்ல, உன் ரேகையில வாங்குனது. நீ கூப்பிட்டே, அவன் வந்தான், செத்தான். இப்ப அந்த நம்பர் ஆஃப்ல இருக்கு. எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. ஓசியில வர்ற சட்டிக்கு ஆசைப்பட்டு ஊர் ஊரா விரல வெச்சா இப்படித்தான். பேராசை."

அந்த வார்த்தை அமுதாவுக்குச் சுருக்கென்றது. பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. வந்த கோபத்துக்கு நாற்காலியும் தேவைப்படவில்லை.

"எது மேடம் பேராசை? புதுசா வர்றவனுக்குப் பாதி ரேட்டு. வருசக்கணக்கா அங்கேயே கெடக்குறவனுக்கு முழு ரேட்டு. அவன் செஞ்சா அது வியாபாரம், நான் செஞ்சா பேராசையா? மாத்துனேன். இன்னமும் மாத்துவேன். அதுக்குக் கேஸ் இருந்தா எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். கொலைக்கு எழுதாதீக."

"சாயங்காலத்துக்குள்ள உன்ன ரிமாண்ட் பண்ணணும். அதுக்குள்ள உண்மையச் சொல்லிரு."

ரிமாண்ட்! கார்த்திகா காலேஜில் என்ன சொல்வாள்? ஆத்தா கொலைகாரி என்றா?

அமுதா கண்ணை மூடினாள். திறந்தாள்.

"மேடம், அந்த மூணாவது நம்பர் யாரு பேர்ல இருக்குன்னு சொன்னீக?"

"உன் பேர்ல."

"கோர்ட்டுல போயிக் கேட்டாலும்?"

"உன் பேர்லதான்."

"அப்ப அது என் நம்பர்."

"அதத்தானே நானும் காலையில இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

"என் சிம்மு தொலஞ்சுபோச்சு மேடம். கம்பெனி ஷோரூமுக்குப் போயி டூப்ளிகேட் சிம் வாங்கணும்."

ஜெயபாக்கியம் கையில் இருந்த பேனா நின்றது.

டூப்ளிகேட் வந்தால் பழைய சிம் செத்துப்போகும். அந்த நம்பருக்கு வருகிற போன் எல்லாம் புதிய சிம்முக்கு வரும். கொலைகாரன் நம்பர் அமுதா கைக்கு வந்துவிடும். சட்டப்படி!

"அவன் அந்த நம்பரத் தூக்கிப் போட்டிருப்பானே."

"போடமாட்டான். நான் இத்தன கம்பெனி மாறுனேனே, ஒருக்காவாச்சும் நம்பர மாத்துனேனா? நம்பர்லதான் மேடம் வாட்ஸப்பு, பேங்கு, குடுக்கல் வாங்கல் எல்லாம். களவாணிக்கும் அப்படித்தானே? யாராச்சும் அவன அந்த நம்பர்லதான் கூப்பிடுவாக."

ஜெயபாக்கியம் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"வெளியில நிக்கிறவங்க கேட்டா, சம்பவ இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு."

*

வெளியே, ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை ஓரத்தில் ஜீப் நின்றது. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அமுதாவைப் போலீஸ் வண்டியில் ஏற்றுவதைப் பார்த்ததும் முத்துப்பாண்டி ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, பயப்படாத. நான் இருக்கேன். வக்கீலப் பாக்கணும்னாலும் சொல்லு."

"சரிண்ணே."

"நான் அப்பயே சொன்னேன், கேட்டியா? இந்தப் போர்ட்டு கீர்ட்டு எல்லாம் நமக்கு எதுக்கு? என்னயப் பாரு. ஒரே பொண்டாட்டி, ஒரே கம்பெனி. நிம்மதியா இருக்கேன்."

"ஒங் கம்பெனி நிம்மதியா இருக்கு," என்றாள் ஜீப்புக்குள்ளிருந்து இருளம்மாள். "பொண்டாட்டியத்தான் கேக்கணும்."

வண்டி புறப்பட்டது.

போடி மெயின் ரோட்டில் ஊதாக் கம்பெனி ஷோரூம். கவுன்ட்டரில் இருந்த பெண், போலீஸைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஆதார் அட்டையைப் பார்த்தாள். நம்பரைத் தட்டினாள். ரேகை மெஷினை நீட்டினாள்.

"கட்டைவிரல வைங்கம்மா."

அமுதா விரலைச் சேலையில் நன்றாகத் துடைத்தாள்.

"ஏலக்கா பறிக்கிற கையி தாயி. லேசுல விழாது. நாலு தடவ வெக்கணும்."

வைத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது!

"அவ்வளவுதாம்மா. எடுங்க."

"இன்னொருக்கா வெக்க வேணாம்?"

"எதுக்கு? ஒரு தடவையிலேயே விழுந்திருச்சே."

அமுதா விரலைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள்.

விழாத ரேகைக்கு இன்னொரு தடவை இல்லை அது. இன்னொரு சிம்முக்கு இன்னொரு தடவை! அவளுக்கு மட்டுமா? ஜீப் நிறைய எத்தனை விரல்கள்!

"அடப்பாவி பெத்துராசு," என்றாள் மெதுவாக. செத்தவனை ஏசக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் மட்டும் இறங்கியது. "எங்க கைய வெச்சே எங்களக் குத்திட்டான் மேடம். உழைச்சுத் தேஞ்ச கையின்னு சொல்லிச் சொல்லியே..."

ஜெயபாக்கியம் முதல் தடவையாக அவள் தோளில் கை வைத்தார்.

"அழாத. இப்ப நான் நம்புறேன்."

*

சிம் உயிர் பெறக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார்கள். அதற்குள் ஜெயபாக்கியம் ஸ்டேஷனுக்கு ஒருவரை வரவழைத்திருந்தார்.

பாண்டியராஜன். போடியில் அத்தனை ஊதாக்குடைகளும் அவருடையவை. ஏஜென்சி முதலாளி. பெத்துராஜ் அவரிடம்தான் வேலை பார்த்தான். வெள்ளைச் சட்டை, தங்கப் பேனா, ஸ்டேஷனுக்குள்ளேயே கூலிங்கிளாஸ். பார்த்தவுடன் இவர்தான் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். ஜெயபாக்கியமும் பாதி கட்டிவிட்டார்.

"உங்க ஆள் இவங்க ரேகையில கள்ள சிம் போட்டிருக்கான். உங்களுக்குத் தெரியாம நடந்திருக்குமா?"

"எனக்கு அதெல்லாம் பாக்க நேரம் ஏது மேடம்? இவளுக எல்லாம் ஓசிச் சட்டிக்கு அலையுற கூட்டம். இவளுக பேச்சக் கேட்டு என்னைய ஸ்டேஷனுக்குக் கூப்பிடுறீங்க."

அமுதா எழுந்தாள்.

"ஆமா, ஓசிச் சட்டிதான். எங்க தலைய எண்ணித்தானே கம்பெனி உங்களப் போன வருசம் சிங்கப்பூருக்கு டூர் கூட்டிட்டுப் போச்சு? உங்களுக்குக் கெடச்சா இன்சென்டிவ், எங்களுக்குக் கெடச்சா ஓசியா?"

ஓரத்தில் நின்ற ஏட்டு இருமுவது போல் சிரித்தார்.

"உங்க செல்போன் ரெண்டையும் மேஜை மேல வைங்க," என்றார் ஜெயபாக்கியம்.

பாண்டியராஜன் வைத்தார். பக்கத்தில் அமுதாவின் செல்போன். கண்ணாடி கீறிய பழைய போன். அதில் இரண்டு சிம். ஒன்று அவளுடையது. இன்னொன்று... அதுவும் அவளுடையதுதான்!

மூன்றாவது நம்பருக்கு டவர் வந்தது. கோடுகள் ஏறின.

ஜெயபாக்கியம் பாண்டியராஜனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிலாவது டவர் சாகிறதா என்று அமுதா அவருடைய செல்போன்களைப் பார்த்தாள். ஃபேன் மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றியது.

போன் அடித்தது!

அமுதாவின் போன். மூன்றாவது நம்பரில்!

பாண்டியராஜனின் இரண்டு செல்போன்களும் மேஜை மேல் அப்படியே கிடந்தன. அவர் கைகள் இரண்டும் முழங்காலில் இருந்தன. அவர் இல்லை!

அப்படியென்றால் யார்?

அமுதா திரையைப் பார்த்தாள். வெறும் நம்பர் வரவில்லை. பேர் வந்தது. போன தீபாவளிக்குக் கார்த்திகா போட்டோவோடு பதிந்து கொடுத்த பேர்.

'ஜீப் முத்தண்ணே.'

 தினமும் விடியற்காலையில் வாசலில் ஹாரன் அடிக்கிற மனிதர். கார்த்திகா காய்ச்சலில் கிடந்தபோது தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மனிதர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கண் கலங்கி நின்ற மனிதர்.

இந்த நம்பர் நல்லவன் எவனுக்கும் தெரியாத நம்பர். அவருக்கு எப்படித் தெரியும்?

தன் போனில் திடீரென்று டவர் செத்துப்போனால் நம் ஊரில் எவனும் முதலில் என்ன செய்வான்? இன்னொரு போனிலிருந்து தன் நம்பருக்கே அடித்துப் பார்ப்பான்!

ஜெயபாக்கியம் கண்ணாலேயே சொன்னார். எடு.

அமுதா எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தப் பக்கம் டீ ஆற்றுகிற சத்தம். பிறகு மெதுவாக ஒரு குரல்.

"ஹலோ... யாரு பேசுறது?"

"நாந்தாண்ணே, அமுதா. உங்க நம்பர்ல இருந்து பேசுறேன்."

அமுதா போனோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"இல்லண்ணே, தப்பாச் சொல்லிட்டேன். என் நம்பர்ல இருந்து பேசுறேன். எம் பேர்லதானே இருக்கு?"

எதிரே டீக்கடையில் ஒரு கண்ணாடி கிளாஸ் விழுந்து நொறுங்கியது. ஸ்பீக்கரிலும் கேட்டது. ஜன்னல் வழியாகவும் கேட்டது!

முத்துப்பாண்டி ஜீப்பைப் பார்த்து ஓடினான். ஏட்டு வாசலுக்குப் பாய்ந்தார். அமுதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நாலு தெருவுக்குக் கேட்கிற குரல்தானே!

"ஏ இருளம்மா, சாவிய உருவு."

ஏன், எதற்கு என்று இருளம்மாள் கேட்கவில்லை. குனிந்தாள், உருவினாள், ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

முத்துப்பாண்டி டிரைவர் சீட்டில் ஏறிச் சாவித் துளையைத் தடவினான். இல்லை. திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒரு ஜீப் லோடு பெண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாப்ளே," என்றாள் இருளம்மாள். "இன்னிக்கும் வெரசா போகணுமா?"

*

இடுப்பில் சொருகியிருந்த இரண்டாவது செல்போனைப் போலீஸ் எடுத்தபோதே முத்துப்பாண்டி உட்கார்ந்துவிட்டான். மற்றதெல்லாம் தானாக வந்தது.

பெத்துராஜ் கள்ள சிம் போடுவான். முத்துப்பாண்டி அதை ஜீப்பின் டூல்ஸ் பெட்டிக்குள் வைத்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பரிசு மோசடிக் கும்பலிடம் கொண்டுபோய்க் கொடுப்பான். பெண்களைக் குடைக்கு முன்னால் இறக்கிவிட்டதே அவன்தானே! நேற்று பஜாரில் பெத்துராஜ் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சொன்னபோது அவன் ஜீப்புக்குள்தான் இருந்தான். ராத்திரி பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அழைத்தான். பழி அமுதா தலையில் விழட்டும் என்றுதான் அவள் பேரில் இருந்த சிம்மிலிருந்து அழைத்தான். ஜீப்பிலேயே மலைக்கு ஏற்றிப்போய், ஜாக்கி ராடால் ஒரே அடி. உருட்டிவிட்டான். அந்த நம்பரைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அதில்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் அணைத்து வைத்திருந்த போனை டீக்கடையில் திரும்ப ஆன் பண்ணினான்.

"அவன் போன ஏன்டா எடுக்காம விட்டே?" என்று கேட்டார் ஜெயபாக்கியம்.

"இருட்டுல தேட முடியல மேடம். அந்த வளைவுல டவர் கெடையாது, அடிக்காதுன்னு நெனச்சேன்."

"உங்க கம்பெனிக்குத்தாண்ணே கெடையாது," என்றாள் அமுதா.

அவனுக்கு நேரே வந்து நின்றாள். 

"ஊதாக் கம்பெனிக்காரன் போன மாசம்தான் அங்க டவர் வெச்சான். மாறுனவளுக்குத் தெரியும். காச்சல்ல கெடந்த எம் புள்ளயத் தூக்கிட்டு ஓடுனீகளேண்ணே. அந்தக் கையாலயா எம் பேர்ல கொலையும் செஞ்சீக?"



மாலை வெயில் மலைச்சரிவில் மஞ்சளாக இறங்கியது. பாண்டியராஜன் ஏஜென்சியின் அத்தனை குடைகளையும் விசாரணை முடியும்வரை மடக்கச் சொல்லி உத்தரவு போனது. கூலிங்கிளாஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அவர் நடந்தே போனார்.

ஜெயபாக்கியம் அமுதாவை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"இனிமேலாவது ஒரே கம்பெனியில இருப்பியா?"

"எதுக்கு மேடம்? ஒரே கம்பெனியில இருந்தவன்தான் இப்ப உள்ள உக்காந்திருக்கான்."

"திருந்தமாட்டே."

"பச்சைக்குடைக்காரன் குக்கர் தர்றானாம். நாளைக்கு லோடோட போறோம். ஆனா ஒண்ணு. ஒருத்தி ஒருக்காத்தான் விரல வெப்பா. ரெண்டாவது தடவ வைன்னு எவனாச்சும் சொன்னா, அவன் விரல மடக்கிருவோம்."

அப்போது முத்துப்பாண்டியை விலங்கு மாட்டி வேனில் ஏற்றினார்கள். பெண்களில் சிலர் அழுதார்கள். எத்தனை நாள் அவன் வண்டியில் போனவர்கள்!

இருளம்மாள் மட்டும் ரவிக்கைக்குள்ளிருந்து ஜீப் சாவியை எடுத்து ஏட்டின் கையில் வைத்தாள். வேனைப் பார்த்தாள். வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினாள்.

"அழுவாதீகடி. ஒரே கம்பெனி ஒரே கம்பெனின்னு கெடந்த பய, கடைசியில அவனும் போர்ட் ஆயிட்டான். தட்டு ஃப்ரீ, தம்ளர் ஃப்ரீ, மூணு வேளை சோறு ஃப்ரீ, இன்கமிங்கும் ஃப்ரீ. அவுட்கோயிங் மட்டுந்தான் கெடையாது."